பாழடைந்த பழைய வீட்டைப் பொதுப் பயனுக்குத் திறப்பது: முதன்முறை இறங்குவோருக்கு

பூட்டிக் கிடக்கும் பழைய வீட்டைப் பார்த்தால் பலருக்கும் ஒரே ஆசைதான் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் துடைப்பமும் மண்வெட்டியுமாகப் போய், சுத்தம் செய்து, வெள்ளையடித்து, கதவைத் திறந்துவிட வேண்டும். எங்கள் குழுவும் அப்படித்தான் ஆரம்பித்தது. அன்று குப்பையென்று எரித்த மரத்துண்டுகளில் பாதி மாடி ஜன்னல்களின் கதவுப் பலகைகள் என்பது ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அவற்றைப் புதிதாகச் செய்யத் தச்சருக்குக் கொடுத்த கூலியில் ஓர் அறைக்குக் கூரையே மாற்றியிருக்கலாம்.

அதனால் இங்கே வெள்ளையடிப்பு மிகவும் தாமதமாகத்தான் வரும். எந்த வேலையை முதலில் எடுக்கிறோம் என்பதில்தான் பணமும் மிஞ்சுகிறது, வீடும் மிஞ்சுகிறது.

முதலில் பத்திரம்

‘அந்த வீட்டுக்கு ஆளே இல்லை’ என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். தேடிப் பார்த்தால் பெரும்பாலும் ஆள் அதிகமாக இருப்பதுதான் சிக்கலாக இருக்கும். பத்திரம் தாத்தா பெயரில் நிற்கும், பாகப்பிரிவினை நடந்திருக்காது, வாரிசுகள் நாலு திசையில் இருப்பார்கள். பத்திரப் பதிவு அலுவலகத்தில் பிரதி வாங்கி, அடமானமோ வழக்கோ இருக்கிறதா என்று ஒரு வழக்கறிஞரை வைத்துப் பார்த்துவிடுங்கள். சாவி வைத்திருப்பவர் ‘போய்ப் பாருங்கள்’ என்று சொன்னது அனுமதி ஆகாது. எழுத்தில் வாங்குங்கள்.

வாரிசுகளிடம் பேசும்போது அவர்கள் பயப்படுவது எதற்கு என்று புரிந்துகொள்ள வேண்டும். சாவி கொடுத்தால் வீடு போய்விடும் என்பதுதான் அந்தப் பயம். ‘உங்கள் வீட்டைக் காப்பாற்றுகிறோம்’ என்ற பேச்சு அதைக் கூட்டத்தான் செய்யும். குத்தகைக் காலம் எவ்வளவு, அது முடிந்ததும் என்ன ஆகும், நடுவில் குழு கலைந்தால் செலவழித்த பணம் யாருடையது, குடும்பத்தின் பெயர் எங்கே இருக்கும் என்று ஒரு பக்கத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மூன்று வருடக் குத்தகையை ஏற்காதீர்கள். நனைந்த சுவர் காய்வதற்கே அதில் பாதி போய்விடும். இருபது, முப்பது வருடம் கிடைத்தால்தான் நன்கொடையாளர்களும் நம்பிப் பணம் தருவார்கள்.

கட்டடம் அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் இப்போதே விசாரியுங்கள். இருந்தால் ஓர் ஓட்டை மாற்றக்கூட முன் அனுமதி தேவைப்படலாம். விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் முதலில் உடைத்துவிட்டு அப்புறம் விண்ணப்பம் போடுவதை எங்கேயும் மன்னிப்பதில்லை.

குழுவைப் பற்றிச் சுருக்கமாக: சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு செய்யுங்கள். வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து இருக்கட்டும். கூட்டக் குறிப்பு எழுத ஒருவரை நியமியுங்கள். உற்சாகமான பத்துப் பேருக்கு நடுவே ‘இது இப்போது வேண்டாம்’ என்று சொல்லக்கூடிய ஒருவராவது இருக்கட்டும். அவரை யாருக்கும் பிடிக்காது. ஆனால் நாங்கள் பலகைகளை எரித்த அன்று அப்படி ஒருவர் இருந்திருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

உள்ளே போகும் முதல் நாள்

தனியாகப் போகாதீர்கள். மின்சாரம் துண்டித்தாயிற்று என்று யார் சொன்னாலும், மின்பணியாளர் சோதிக்கும் வரை கம்பிகளில் மின்சாரம் ஓடுகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். புறா, வௌவால் எச்சங்களை உலர்ந்த நிலையில் பெருக்கக் கூடாது. அந்தத் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கலாம். தண்ணீர் தெளித்து நனைத்து, தூசியைத் தடுக்கும் நல்ல முகக்கவசத்தோடு அள்ள வேண்டும். பழைய எண்ணெய் வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உப்புத்தாள் வைத்துத் தேய்க்க வேண்டாம். சாம்பல் நிறச் சிமெண்டுத் தகடு வேய்ந்திருந்தால் அது கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம்; உடைக்காமல் விட்டு, பயிற்சி பெற்றவர்களைக் கூப்பிடுங்கள்.

மரத்தளத்தில் ‘சுவரோரமாக நடந்தால் பயமில்லை’ என்பார்கள். ஈரமான வீட்டில் இந்த யோசனை ஆளைக் கவிழ்த்துவிடும். உத்திரத்தின் நுனி ஈரச் சுவருக்குள் புதைந்திருப்பதால் மரம் முதலில் மக்குவதே அங்கேதான். கம்பால் தட்டிப் பார்த்து, கூர்முனையால் குத்திப் பார்த்து, சந்தேகம் இருந்தால் மாடி ஏறாதீர்கள்.

அன்று படம் எடுப்பதைத் தவிர வேறு வேலை வேண்டாம். அறைகளுக்கு எண் கொடுத்து, ஒவ்வொன்றிலும் நான்கு சுவர், தரை, கூரை என்று ஒரே வரிசையில் எடுங்கள். அளவு நாடா வைத்து ஒரு வரைபடம் போடுங்கள். உதிர்ந்து கிடக்கும் கீல், தாழ்ப்பாள், ஓட்டுத் துண்டு, செதுக்கிய மரம் எதுவானாலும் எந்த அறையில் எந்த இடத்தில் கிடந்தது என்று சீட்டு கட்டி ஒரே அறையில் பூட்டி வையுங்கள். எது குப்பை என்பதை ஆறு மாதம் கழித்து முடிவு செய்யலாம்.

அந்த வீட்டில் வாழ்ந்தவர்களையும், அதைவிட முக்கியமாக அங்கே வேலை செய்தவர்களையும் தேடிப் பிடியுங்கள். ‘வீட்டின் வரலாற்றைச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் பெரிய மனிதர்கள் வந்துபோன கதைதான் கிடைக்கும். ‘மழை பெய்தால் எங்கெங்கே வாளி வைப்பீர்கள்?’ என்று கேளுங்கள். எந்தப் பொறியாளரும் ஒரே நாளில் கண்டுபிடிக்க முடியாத விவரம் அதில் வரும்.

தண்ணீரை நிறுத்துங்கள்

பழைய வீடுகளில் நூற்றாண்டைத் தாண்டியும் அசையாத சுவர், பத்து ஓடு நழுவிய பிறகு சில மழைக்காலத்தில் கரையும். மரம் மக்குவது, கரையான் ஏறுவது, இரும்பு துருப்பிடிப்பது, பூச்சு உதிர்வது எல்லாமே ஈரத்தோடு சேர்ந்து வருபவை. ஆகவே கையில் வரும் முதல் பணம் கூரைக்குப் போகட்டும். முழுக் கூரைக்கு இல்லாவிட்டால் தற்காலிகத் தகரமாவது போடுங்கள். தார்ப்பாய் ஒரு பருவம் தாங்கும், அவ்வளவுதான். காற்று தூக்காமல் கட்டுங்கள். அதே நேரம் காற்றுப் புகாமல் மூடிவிடாதீர்கள். ஈரத்தை உள்ளே அடைத்துவைத்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

அடுத்து மழைநீர் வழி. கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, குழாய் எங்கே அடைத்திருக்கிறது, விழுந்த தண்ணீர் சுவரைவிட்டு விலகி ஓடுகிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் சுற்றிலும் மண்ணும் குப்பையும் சேர்ந்து வெளித்தரை உள்தரையைவிட உயர்ந்திருக்கும். அந்த மண்ணை வெட்டி எடுத்தாலே சுவரின் அடி ஈரம் பெருமளவு குறைவதைப் பார்க்கலாம். சுவருக்கு மருந்து ஊசி போட்டு ஈரத்தை நிறுத்துகிறோம் என்று வருபவர்களிடம் கையெழுத்துப் போடுமுன் மண்வெட்டியை எடுத்துப் பாருங்கள்.

சுவரில் முளைத்த மரத்தைப் பிடுங்காதீர்கள். வேர் சுவருக்குள் ஓடியிருக்கும். இழுத்தால் கல்லும் சேர்ந்து வரும். தண்டை அறுத்து, வேர் சாகும்படி செய்து, காய்ந்த பிறகு அந்தப் பகுதியைப் பிரித்துக் கட்ட வேண்டும்.

பிறகு காத்திருக்க வேண்டும். சுவரின் ஒவ்வொரு 25 மில்லிமீட்டர் கனத்துக்கும் ஒரு மாதம் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. 450 மில்லிமீட்டர் சுவர் என்றால் ஒன்றரை வருடம். அதற்குள் பூச்சு போட்டால் உள்ளிருக்கும் ஈரம் உப்போடு வெளியே வந்து பூச்சைத் தள்ளிவிடும். சுவரில் வெள்ளையாகப் பூப்பது அந்த உப்புதான். அதைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் உலர்ந்த தூரிகையால் துடைத்து எடுங்கள். கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும்.

இந்த நாட்களை விரிசல்களுக்குச் செலவிடலாம். ஒவ்வொரு விரிசலின் நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், அகலத்தை அளந்து வையுங்கள். உள்ளே அழுக்கும் பழைய வண்ணமும் படிந்திருந்தால் அது என்றைக்கோ நின்றுபோன விரிசல். விளிம்பு சுத்தமாக, கூர்மையாக இருந்தால் புதிது. களிமண் நிலத்தில் அடித்தளம் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் என்பதால், எல்லாப் பருவமும் சேர்ந்த ஒரு முழு வருடத்தைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. சுவர் வயிறு தள்ளியிருந்தாலோ உத்திரம் தொய்ந்திருந்தாலோ மட்டும் காத்திருக்க வேண்டாம். அன்றே பொறியாளரைக் கூப்பிட்டு முட்டுக் கொடுங்கள்.

எதனால் கட்டினார்களோ அதனால்

சிமெண்டு கெட்ட பொருள் இல்லை. பழைய வீட்டுக்குப் பொருந்தாத பொருள், அவ்வளவுதான். இன்று சாதாரணமாகக் கிடைக்கும் போர்ட்லண்ட் வகைச் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது 1824-இல். அது கட்டுமானத்தில் பரவலாகப் பிடிக்க மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. உங்கள் வீடு சுண்ணாம்பிலோ மண்ணிலோ கட்டியதாக இருந்தால், அந்தச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற வழி இல்லாமல் செங்கலுக்குள் தங்கும். சிமெண்டு கெட்டியாக நிற்கும், செங்கல் பொடியாகும். கலவை எப்போதும் செங்கலைவிட மென்மையாக இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்: தேய்வது கலவையாக இருந்தால் மறுபடி நிரப்பலாம், செங்கல் போனால் போனதுதான். அடைத்துக்கொள்ளும் பிளாஸ்டிக் வண்ணங்களுக்கும் இதே கணக்கு.

சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயு போய்விடும். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். அதைச் சுவரில் பூசினால் காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல உறிஞ்சி மறுபடி கல்லாகும். இந்தக் கடைசிக் கட்டம் வாரக்கணக்கில், உள்ளாழத்தில் மாதக்கணக்கில் நடக்கும். அவசரப்பட்டு வெயிலில் காயவிட்டால் கல்லாகாமல் வெறும் பொடியாக நின்றுவிடும். அதனால்தான் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு நிழலில் வைக்கிறார்கள். சுண்ணாம்பு நீற்றுவதை நீங்களே முயலாதீர்கள். கொதித்துத் தெறித்தால் கண் போகும். நீறிப் புளித்த சுண்ணாம்பாக வாங்குங்கள். அதற்கும் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

மணல் எது, விகிதம் என்ன என்பதைப் பழைய கலவையின் ஒரு துண்டைச் சோதனைக் கூடத்தில் கொடுத்தால் சொல்வார்கள். பிறகு பின்பக்கச் சுவரில் மூன்று விதமாகச் சிறு சிறு திட்டு பூசி, சில வாரம் விட்டுப் பாருங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது கடினம். கிடைத்தால் அவரிடம் வேலை வாங்குவதோடு நிற்காமல் இரண்டு இளைஞர்களைக் கூடவே நிறுத்துங்கள்.

இரும்பு விஷயத்தில் ஏதென்ஸின் பழைய பளிங்குக் கோயிலான பார்த்தினானை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய கிரேக்கர்கள் கற்களை இணைத்த இரும்புப் பற்றுகளைச் சுற்றி ஈயம் ஊற்றியிருந்தார்கள். 1898 முதல் அங்கே பழுதுபார்த்த நிக்கோலாஸ் பலானோஸ் அந்த ஈயக் காப்பு இல்லாமல் இரும்பை வைத்தார். அது துருப்பிடித்து உப்பிப் பளிங்கையே பிளந்தது. பின்னர் வந்தவர்கள் அவற்றைப் பிரித்தெடுத்து டைட்டானியம் பற்றுகளை வைக்க வேண்டியதாயிற்று. நல்ல எண்ணத்தோடு, பலமான பொருளை வைத்துச் செய்த வேலை அது.

எவ்வளவு தூரம் புதுப்பிப்பது என்ற சண்டை எல்லாக் குழுவிலும் வரும். 1877-இல் எழுத்தாளரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் இங்கிலாந்தில் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியபோதே இதே சண்டைதான்: ‘புதுப்பிப்பு’ என்ற பெயரில் பழசைச் சுரண்டி எடுக்கிறார்கள், அன்றாடப் பராமரிப்பே போதும் என்றார் அவர். பழங்கட்டடப் பாதுகாப்புக்குப் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து எழுதிய 1964-இன் வெனிஸ் சாசனம் ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பிப்பு நிற்க வேண்டும் என்றது. புதிதாகச் சேர்த்த பகுதி ஒட்டியும் இருக்க வேண்டும், கூர்ந்து பார்த்தால் புதிது என்று தெரியவும் வேண்டும் என்றது. 1979-இல் ஆஸ்திரேலியாவில் எழுதிய புர்ரா சாசனத்தின் சாரம்: தேவையான அளவு மாற்று, முடிந்தவரை குறைவாக மாற்று. என் கட்சி இதுதான். மக்கிய உத்திரத்தில் மக்கிய நுனியை மட்டும் வெட்டி, அதே வகை மரத்தை ஒட்டுப்போடுங்கள். வழவழப்பான புது வீடு வேண்டுமென்றால் வேறு இடத்தில் கட்டிக்கொள்ளலாம்.

வீட்டில் என்ன நடக்கப் போகிறது

இந்தக் கேள்வியை வேலை முடிந்த பிறகு கேட்கும் குழுக்கள்தான் அதிகம். திறப்பு விழா நடக்கும், அப்புறம் பூட்டு, அப்புறம் மறுபடி புறா. கட்டடத்தைச் சமூகத்துக்குப் பயன்படும் காரியத்துக்கு விட்டால்தான் அது எளிதில் நிலைக்கும் என்று வெனிஸ் சாசனமும் சொல்கிறது. ‘அருங்காட்சியகம்’ என்று முதலில் வாயில் வரும். அதற்குத் தினமும் ஆளும் காவலும் வேண்டும்; வந்தவர்கள் இரண்டாம் முறை வர ஒரு காரணமும் வேண்டும். படிப்பகம், மாலை வகுப்பு, முதியோர் கூடுமிடம், தையல் பட்டறை, வாரம் ஒருநாள் மருத்துவ முகாம் என்று தெருவில் எதற்கு இடமில்லாமல் அலைகிறார்கள் என்று பாருங்கள். பத்திரமான ஒரு முன்னறையை மட்டும் சில மாதம் திறந்துவைத்து, யார் வருகிறார்கள், எந்த நேரத்தில் வருகிறார்கள் என்று குறித்துக்கொள்வது எந்தக் கருத்துக் கணிப்பையும்விட நல்லது.

வீடு அந்தப் பயனைத் தாங்குமா என்பதையும் பார்க்க வேண்டும். குடியிருப்புத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ சுமை என்று இன்றைய விதிகளில் கணக்கிடுவார்கள். புத்தக அடுக்குகள் நிறைந்த அறைக்கு அது 600, 700 கிலோ வரை போகும். ஆகவே நூலகம் என்றால் அடுக்குகள் கீழ்த்தளத்தில், வாசிப்பு மேசைகள் மேலே. அதுவும் பொறியாளர் சரி என்றால்.

சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவு பொதுவான அளவு. 30 சென்டிமீட்டர் வாசற்படிக்கு 3.6 மீட்டர் நீளம் வேண்டும். வாசலில் அவ்வளவு இடம் இல்லையென்றால் பக்கக் கதவைப் பாருங்கள். கழிப்பறையைப் பழைய அறைக்குள் நுழைக்காமல் பின்னால் தனியாகக் கட்டினால் ஈரமும் குழாயும் பழைய சுவரைத் தொடாது. தீப்பிடித்தால் வெளியேற இரண்டாவது வழி, புது மின்கம்பிகள் இரண்டும் கட்டாயம்.

பணமும் கைகளும்

பழைய இடங்களைப் பாதுகாக்கும் இங்கிலாந்தின் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு 1895-இல் தொடங்கியது. அடுத்த வருடம் அது வாங்கிய முதல் கட்டடம் ஆல்ஃப்ரிஸ்டனில் இருக்கும் பதினான்காம் நூற்றாண்டு வீடு. விலை வெறும் 10 பவுண்டு. பழுதுபார்க்கப் பல மடங்கு செலவானது. (அந்த வீட்டின் தரை சுண்ணப்பாறையை இடித்துப் பரப்பி, புளித்த பால் ஊற்றி இறுக்கியது. இப்போதைய கடையில் எதை வாங்கி அதைச் சரிசெய்வீர்கள்?) இனாமாகக் கிடைத்த வீடு என்று மகிழும்போது இதை யோசியுங்கள்.

மொத்தத் தொகை சேரட்டும் என்று காத்திருக்காமல் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பீடு வாங்குங்கள். சாரம் கட்டும் செலவு எல்லோரையும் அதிரவைக்கும்; ஒரு முறை கட்டினால் அந்த உயரத்தில் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் அப்போதே முடித்துவிடுங்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத வேலை இது, ஆகவே ஐந்தில் ஒரு பங்காவது கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள். வரவு செலவை மாதாமாதம் வாசல் பலகையில் ஒட்டுங்கள். வதந்தி குறையும், நன்கொடை கூடும்.

கேட்கத் தயங்குபவர்களுக்கு ஆன் பமீலா கன்னிங்ஹாமைச் சொல்லலாம். அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் வீடு இடிந்துகொண்டிருப்பதைப் படகில் போகும்போது பார்த்த அவருடைய அம்மா மகளுக்குக் கடிதம் எழுதினார். உடல்நலம் குன்றியிருந்த மகள் 1853-இல் பெண்களைத் திரட்டிச் சங்கம் அமைக்க ஆரம்பித்தார். மாநிலத்துக்கு ஒரு பெண்ணைப் பொறுப்பாக்கி, 1858-இல் 2 லட்சம் டாலருக்கு அந்த வீட்டை வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். அதே சங்கம்தான் இன்றும் அதை நடத்துகிறது.

தன்னார்வலர்களுக்குக் கூரை, மின்வேலை, முட்டுக் கொடுப்பது எதையும் தரக் கூடாது. படம் எடுப்பது, சீட்டு கட்டுவது, தோட்டம் வெட்டுவது, பலகை துடைப்பது, பழைய ஆட்களிடம் பேசிப் பதிவு செய்வது என்று அவர்களுக்கு ஏராளம் இருக்கிறது. ஒவ்வொரு நாள் முடிவிலும் கண்ணுக்குத் தெரியும்படி ஏதாவது ஒன்று முடிந்திருக்கட்டும், ஒரே ஒரு ஜன்னல் ஆனாலும் சரி. பாதி பாதியாகப் பத்து ஜன்னல் கிடந்தால் அடுத்த வாரம் ஆள் வராது.

சரி, இப்போது வெள்ளையடிக்கலாம். கூரை ஒழுகவில்லை, சுவர் காய்ந்துவிட்டது, பூச்சு கல்லாகிவிட்டது என்றால் எல்லோரையும் கூப்பிடுங்கள். பழைய வண்ணம் என்னவென்று மறைவான ஒரு மூலையில் அடுக்கடுக்காக மெல்லச் சுரண்டிப் பார்த்து, அந்த மூலையை அப்படியே விட்டுவிடுங்கள். சுண்ணாம்பைப் பால் போல நீர்க்கக் கரைத்து, சுவரை நனைத்து, ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் ஒரு நாளாவது விட்டு நாலைந்து முறை அடிக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது ஒன்றும் தெரியாது; காயக் காயத்தான் வெள்ளை ஏறும். முதல் பூச்சைப் பார்த்து ஏமாந்து யாராவது கெட்டியாகக் கலக்கச் சொல்வார்கள். கலக்காதீர்கள், உதிர்ந்துவிடும்.

திறந்த பிறகு செய்ய வேண்டியவற்றை ஒரு நாட்காட்டியில் எழுதி மாட்டுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை மழைநீர்க் குழாய்கள், ஒரு முறை ஓடுகள், மாதம் ஒரு முறை சுவரில் முளைக்கும் செடிகள், பூட்டு, கீல், மின்பெட்டி. எல்லாவற்றுக்கும் பெயர் போட்ட ஆள் இருக்கட்டும். அப்புறம், பெரிய மழை பெய்யும் நாளில் யாராவது ஒருவர் குடையோடு வீட்டைச் சுற்றி வரவேண்டும். எந்தக் குழாய் வழிகிறது, எங்கே தண்ணீர் தேங்குகிறது என்பது வெயிலில் தெரியாது. உள்ளே போய்ச் சொட்டும் இடத்தில் ஒரு வாளி வைத்து, சாக்பீஸால் வட்டம் போட்டு, பக்கத்தில் தேதியை எழுதிவிட்டு வாருங்கள்.